விளையாட்டரங்கம்: இரண்டாண்டு வாழ்ந்த லீக்



மூணாற்றுப் பக்கம் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேலை பார்க்கும் அன்பர் ஒருவர் சென்ற திங்கள் நம்மைத் தேடி வந்தார். அவருடைய மகன் நன்றாகக் கிரிக்கெட் ஆடுபவன். மாவட்ட அணியில் இடம் பெறும் தறுவாயில் இருப்பவன். புதிதாகத் தோன்றவிருக்கும் லீக் ஒன்றிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்திருக்கிறது. தருவதாகச் சொல்லும் பணம் தோட்டக் கூலியோடு ஒப்பிடமுடியாத அளவு பெரியது. ஆனால் அங்கே போய் ஆடினால், பின்னர் மாவட்ட அணியின் வாயில் அடைபட்டுவிடும் என்று விவரம் அறிந்தவர்கள் எச்சரிக்கிறார்களாம். “அனுப்பலாமா, ஐயா?” என்று கேட்டார்.

ஒரு சொல்லில் விடை கூற நம்மால் இயலவில்லை. இதே கேள்வி 2007ஆம் ஆண்டில் நம் நாட்டு இளைஞர் பலர் முன் நின்றது. அவர்கள் கண்ட பயனையும் பட்ட பாட்டையும் எடுத்துச் சொல்வதே தக்க விடையாகும் என்று எண்ணினோம். பாலக்காட்டுச் சித்தூரிலும் வண்டிப்பெரியாற்றிலும் பிள்ளைகளை ஆட்டக்களத்துக்கு அனுப்பும் மற்றப் பெற்றோர்க்கும் இது பயன்படும்.

2007ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த உலகக் கோப்பையில் இந்திய அணி முதற் சுற்றிலேயே தோற்று ஊர் திரும்பியது. அடுத்த திங்களே ஜீ தொலைக்காட்சியின் உரிமையாளர் சுபாஷ் சந்திரா, ‘இந்தியன் கிரிக்கெட் லீக்’ என்னும் போட்டியை அறிவித்தார். கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமைக்கு முயன்று கிட்டாமற் போனவர் அவர். உரிமை கிடைக்காவிட்டால் என்ன, போட்டியையே நாம் நடத்துவோம் என்று துணிந்தார். கபில் தேவ் தலைமை ஏற்க இசைந்தார். கிரிக்கெட் வாரியமோ இப்போட்டியை ஏற்க மறுத்தது. அதில் ஆடுவோர்க்கு நாட்டு அணியிலும் மாநில அணிகளிலும் இடமில்லை என்று கதவடைத்தது. கபில் தேவும் தேசியக் கிரிக்கெட் அகாதெமியின் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார்.

முதற் போட்டி 2007 நவம்பர் இறுதியில் அரியானாவின் பஞ்சகுலாவில் தொடங்கியது. ஆறு அணிகள் ஆடின. அவற்றுள் ஒன்று சென்னை சூப்பர்ஸ்டார்ஸ். ஆஸ்திரேலியரான ஸ்டூவர்ட் லா தலைமை தாங்க, ஹேமங் பதானி, தி. குமரன், ராஜகோபால் சதீஷ் முதலிய தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் அவ்வணியில் இருந்தனர். டிசம்பர் 16ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் சண்டிகரை வென்று சென்னை கோப்பையைக் கைப்பற்றியது. சென்னைப் பெயர் தாங்கிய அணி தன் முதற் கோப்பையைச் சென்னைக்கு வெகு தொலைவில் வென்றது என்பது நினைவில் நிறுத்தத் தக்கது. வாரியத்தைச் சார்ந்த களங்கள் எவையும் இப்போட்டிக்குத் திறக்கப்படவில்லை.

வாரியம் வாளாவிருக்கவில்லை. உள்நாட்டு ஆட்டக்காரர்களின் ஊதியத்தை உயர்த்தியது. 2007 செப்டம்பரில் தானே ஐ.பி.எல். போட்டியை அறிவித்து, 2008 ஏப்ரலில் நடத்தியும் காட்டியது. பெரும் பணமும் புகழ்மிக்க ஆட்டக்காரர்களும் அங்கே சென்றன. 2008 நவம்பரில் மும்பையில் நிகழ்ந்த கொடுந்தாக்குதலை அடுத்து, நடந்துகொண்டிருந்த பழைய லீக்கின் ஆட்டங்கள் பாதியில் நின்றன. மீண்டும் தொடங்கவே இல்லை. ஊதியம் முழுதும் வந்து சேரவில்லை என்று ஆட்டக்காரர் பலர் முறையிட்டனர். 2009ஆம் ஆண்டில் வாரியம் பொதுமன்னிப்பு அளித்தது. இளைஞர் பலர் லீக்கை விட்டு விலகித் தத்தம் மாநில அணிகளுக்குத் திரும்பினர்.

அம்பாட்டி ராயுடுவின் கதையை எண்ணிப் பாருங்கள். 2004இல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர் அவர். ஐதராபாத் அணிக்காக இந்த லீக்கில் சேர்ந்தார். மன்னிப்புக்குப் பின் 2010இல் ஐ.பி.எல்.இல் நுழைந்தார். இந்திய அணியில் அவர் முதன்முதல் ஆடியது 2013ஆம் ஆண்டில்தான். பின்னாளில் சென்னை அணிக்கு ஆடி நம் வீடுகளிலும் அன்பைப் பெற்றவர். என்றாலும் இளமையின் செழுமையான ஆண்டுகள் சில திரும்பக் கிடைக்கவில்லை. அவராவது மீண்டார். மீளும் அளவுக்கு வயது இல்லாதவர்களின் நிலை என்ன? கபில் தேவுக்கே வாரியத்தோடு இணக்கம் ஏற்பட 2012 வரை ஆயிற்று.

ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது. அந்த லீக் தோன்றியிராவிட்டால் உள்நாட்டு ஆட்டக்காரனின் ஊதியம் அத்துணை விரைவில் உயர்ந்திருக்குமா? ஒருவர் மட்டுமே ஆள் எடுக்கும் ஊரில் அவர் சொன்னதே கூலி. மற்றொருவர் வந்தால்தான் பேரம் பிறக்கும். மாண்ட லீக் பின்வந்தவர்களுக்கு நன்மை செய்தே மாண்டது. அந்த நன்மையின் விலையைக் கொடுத்தவர்கள் முன்சென்றவர்கள்.

அமெரிக்காவிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அங்கே பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தில் 1913ஆம் ஆண்டு ‘ஃபெடரல் லீக்’ என்பது சிறிய லீக்காகத் தொடங்கி, அடுத்த ஆண்டே பெரிய லீக்குகளுக்குப் போட்டியாக எழுந்தது. ஆட்டக்காரன் ஒரே முதலாளிக்குக் கட்டுண்டு கிடந்த காலம் அது. புதிய லீக் அதிகப் பணம் தந்து அவர்களை அழைத்தது. பழையவர்களும் ஊதியத்தை உயர்த்த நேர்ந்தது. 1915 டிசம்பரில் இரு தரப்பு முதலாளிகளும் உடன்பாடு செய்துகொண்டனர், லீக் மறைந்தது. உடன்பாட்டில் விடுபட்ட பால்டிமோர் அணி வழக்குத் தொடுத்தது. 1922இல் உச்சநீதிமன்றம் அவ்வணிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சிகாகோவில் அந்த லீக்கின் அணிக்காக 1914இல் எழுந்த ஆட்டக்களம் மட்டும் ரிக்லி ஃபீல்ட் என்னும் பெயரோடு இன்றும் நிற்கிறது.

அங்கே ஆட்டக்காரனின் கட்டு எப்போது அறுந்தது? மற்றொரு முதலாளி வந்தபோது அன்று. ஆட்டக்காரர்கள் தமக்கெனத் தொழிற்சங்கம் அமைத்து, அதன் வழியே வழக்காடிய பின், 1975 டிசம்பரில்தான். நம் நாட்டில் 2007இல் லீக்குக்குச் சென்றவர்களுக்கு அத்தகைய சங்கம் இல்லை. தனித்தனியே சென்றார்கள், தனித்தனியே துன்புற்றார்கள், மன்னிப்பையும் தனித்தனியே எழுதிக் கேட்டார்கள்.

நம் மலையில் வாழ்வோர்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் போனசுக்காகத் தெருவில் அமர்ந்தபோது, அவர்களைப் பேரம் பேச வைத்தது வேறொரு முதலாளியின் அழைப்பு அன்று. தோளோடு தோள் சேர்ந்து அமர்ந்த உறுதிதான். தேயிலைக் கொழுந்துக்கும் கிரிக்கெட் பந்துக்கும் இந்த வகையில் வேற்றுமை இல்லை.

ஆகவே அந்த அன்பருக்கு நாம் கூறிய விடை இதுதான். போகாதே என்று மகனைத் தடுக்க வேண்டா. இளமையில் வரும் அழைப்பு எப்போதும் வருவதன்று. ஆனால் கையெழுத்திடுமுன் மூன்றைக் கேளுங்கள். இந்த லீக்கை மாநிலச் சங்கம் ஏற்றுள்ளதா? ஊதியம் எந்தெந்த நாளில் தரப்படும் என்பது எழுத்தில் உள்ளதா? லீக் பாதியில் நின்றால் பாக்கிக்கு யார் பொறுப்பு? மூன்றுக்கும் எழுத்தில் விடை வராவிட்டால், அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக முடியக்கூடும். அவனோடு அழைக்கப்பட்ட மற்றப் பிள்ளைகளின் பெற்றோரையும் கண்டு பேசுங்கள். ஒருவர் கேட்டால் எளிதில் மறுத்துவிடுவர்; பதினோரு குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் மறுப்பது அரிது.

அன்பர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மற்றப் பெற்றோரின் முகவரிகளைத் தேடிப் புறப்பட்டார். விடை வந்ததும் இப்பகுதியில் தெரிவிப்போம்.