வலிக்காத நோய், வெட்டக்கூடாத செலவு

கட்டுமாவடி!

புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரை ஊர். மீன் சந்தைக்குப் பெயர் பெற்றது.

இங்கே ஒரு மீனவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 50. வலை இழுக்கிறார். படகு தள்ளுகிறார். "எனக்கு ஏது நோய்?" என்று சிரிக்கிறார்.

ஒரு நாள் அவரது வாய் கோணுகிறது. வலது கை விழுந்துவிடுகிறது. அறந்தாங்கிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அவருக்குப் பல ஆண்டுகளாக இரத்தக் கொதிப்பு இருந்தது என்பது அப்போதுதான் தெரிகிறது!

ரப்பர் குழாய்

இரத்தக் குழாய், ரப்பர் குழாய் போல விரிந்து சுருங்க வேண்டும். அழுத்தம் கூடினால் அதன் உட்சுவர் கெடும். குழாய் தடித்து விறைக்கும். கொழுப்பு படிந்து பாதை குறுகும். மூளைக்குப் போகும் குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ பக்கவாதம். இதயத்துக்குப் போகும் குழாய் அடைத்தால் மாரடைப்பு.

அதுவரை வலி பெரும்பாலும் இராது. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

காத்திருந்த டாக்டர்கள்

இதைக் கண்டறிய உதவியது அமெரிக்காவில் உள்ள பிரேமிங்காம் என்ற ஊர். 1948-ல் அந்த ஊரில் 5,209 பேரை டாக்டர்கள் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை சோதித்து, யாருக்கு நோய் வருகிறது என்று பொறுமையாகக் குறித்தார்கள். இரத்தக் கொதிப்பும் கொழுப்பும் புகைப் பழக்கமும் இதயத்துக்கு எதிரிகள் என்பது தெளிவாயிற்று. பேரப்பிள்ளைகள் காலம் வரை ஆராய்ச்சி தொடர்ந்தது.

அப்பேர்ப்பட்ட ஆராய்ச்சிக்கே 2013-ல் கத்தி விழுந்தது! அமெரிக்க சர்க்கார் செலவைக் குறைத்தபோது, இதற்கான பணத்தில் சுமார் 40 சதவீதம் போயிற்று.

இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே 40 முதல் 74 வயது வரை உள்ளவர்களின் இரத்த அழுத்தத்தைச் சோதிக்க ஏற்பாடு செய்வது உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பு. அவற்றுக்குக் கிடைக்கும் பொதுச் சுகாதார மானியம், விலைவாசியைக் கணக்கிட்டால், 2015-க்குப் பின் கணிசமாகக் குறைந்துவிட்டது.

ஏன் இதில் கை வைக்கிறார்கள்?

ஆஸ்பத்திரியை மூடினால் ஊர் திரண்டு வரும். பரிசோதனையைக் குறைத்தால் கேட்பார் இல்லை. வராமல் போன பக்கவாதத்துக்கு யார் நன்றி சொல்வார்கள்? மிச்சம் இந்த ஆண்டே கணக்கில் தெரியும். நட்டம் பத்து ஆண்டு கழித்து ஏழை வீட்டில் தெரியும். மனைவியின் தாலி அடகுக் கடைக்குப் போகும்.

வீடு தேடி வந்த மாத்திரை

தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டு 5-ந் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம் பார்ப்பதும், மாத்திரை கொடுப்பதும் இதன் நோக்கம். ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஒரு நாள் கடல் வருமானத்தை இழக்கும் மீனவருக்கு இது பெரிய உதவி. 2024-ல் இத்திட்டத்துக்கு ஐ.நா. விருது கிடைத்தது.

ஆனால் விருது மாத்திரை வாங்கித் தராது. பணம்தான் வாங்கித் தரும். 2025-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதத்தைச் சுகாதாரத்துக்குச் செலவிடுவதாக 2017-ம் ஆண்டுத் தேசியக் கொள்கை கூறியது. 2021-22-ல் எட்டியது 1.84 சதவீதமே. 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வோ, பெரியவர்களில் 100-க்கு 35 பேருக்கு இரத்தக் கொதிப்பு என்கிறது.

கருவாட்டு உப்பைக் குறைப்பதும், புகையை விடுவதும், அழுத்தம் பார்த்துக்கொள்வதும் குடும்பத்தின் வேலை. அளக்கும் கருவியும் மாத்திரையும் தவறாமல் வாசலுக்கு வரச் செய்வது சர்க்காரின் வேலை. இரண்டில் எது நின்றாலும், விழப்போவது வலை இழுக்கும் அந்தக் கைதான்.