காஸ் எங்கே போச்சு?

ஃப்ரிட்ஜ் ஜில்லிப்பு குறைந்தால் மெக்கானிக் முதலில் சொல்வது, ‘காஸ் காலி சார்!’ காலியாக இது என்ன ஸ்கூட்டர் பெட்ரோலா? மூடிய குழாய்க்குள் அதே காஸ்தான் வருஷக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. குறைந்தால், எங்கேயோ ஓட்டை!

அந்தச் சுற்றில் ஒரு கறாரான கேட் கீப்பர் உண்டு. பெயர் கேப்பிலரி. உள்விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நீளமோ இரண்டு மூன்று மீட்டர். கம்ப்ரஸர் அழுத்தி அனுப்பிய காஸ் வெளிக்குழாயில் சூடு தணிந்து திரவமாகி, இதற்குள் நெருக்கியடித்து நுழையும். மறுமுனையில் அழுத்தம் விழுந்ததும் கொதித்து ஆவியாகும். அதற்கான சூட்டை உங்கள் ஃப்ரீஸரிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். ஐஸ் ரெடி!

ரிப்பேரின்போது உள்ளே துளி ஈரம் புகுந்தால் போச்சு. கேப்பிலரி வாயில் பனியாக உறைந்து அடைக்கும். ஆஃப் பண்ணினால் உருகும், நாலு மணி நேரம் ஒழுங்காக ஓடும், மறுபடி மக்கர். இதற்குக் காஸை மட்டும் ஏற்றினால் பணம்தான் காலி. ஈரம் உறிஞ்சும் ஃபில்டரை மாற்றி, வாக்குவம் போட்டு, அப்புறம்தான் காஸ்.

எங்கள் வீட்டில் ஒருவர் சிலிண்டரும் கையுமாக உட்கார்ந்தபோது என் மனைவி கேட்டாள்: “லீக் எங்கேன்னு மொதல்ல காட்டுங்கண்ணே.” அண்ணன் டீ குடிக்கப் போனார். போனவர்தான்!

இன்னொன்று. லேபிளில் ஆர்-600ஏ என்றிருந்தால் அது ஐஸோபியூட்டேன், தீப்பற்றும். காஸை வெளியேற்றாமல், ஜன்னலைச் சாத்திக்கொண்டு டார்ச் பற்றவைப்பவரை உடனே நிறுத்துங்கள். மரியாதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்!