வேனைத் தாழ்த்தும் முன் டயரில் உள்ள எண்ணைப் படியுங்கள்

2025 மே 13ஆம் தேதி காலை, தெலுக் இந்தான் சித்ரா பௌர்ணமித் திருவிழாவில் பாதுகாப்புப் பணியை முடித்துவிட்டு ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர், கல் ஏற்றி வந்த லோரி மோதி உயிரிழந்தனர். ஒரு மாதம் முடிவதற்குள், ஜூன் 9ஆம் தேதி அதிகாலை, கிரிக் அருகே பேருந்து கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் மாண்டனர். இரண்டும் நம் பேராக்கில் நடந்தவை.

அதன் பிறகு அரசாங்கம் கெடுபிடியைக் கூட்டியது. பேருந்து இருக்கைகளில் இடைவார், கனரக வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று அறிவிப்புகள் அடுத்தடுத்து வந்தன. எல்லாம் வரவேற்கத்தக்கவைதான். ஆனால் லோரி, பேருந்து என்று நடந்த அந்தப் பேச்சில் வேனைப் பற்றி யாரும் அதிகம் வாய் திறக்கவில்லை. நம் சமூகத்தில் தினமும் அதிகம் பேரைச் சுமப்பது வேன்தானே!

ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் தாமான்களாகவும் மாறியபோது, லயங்களில் இருந்தவர்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தார்கள். தமிழ்ப்பள்ளிகள் பல இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. இன்று சுங்கை சிப்புட்டிலும் ஈப்போ சுற்றுவட்டாரத்திலும் தோட்டத்துப் பள்ளி ஒன்று மாணவர் எண்ணிக்கையைத் தக்கவைக்கிறது என்றால், காலையில் தாமான் தாமானாகச் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றிவரும் வேன்காரரும் அதற்கு ஒரு காரணம். தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போகும் பெண்களும் வேனை நம்பித்தான் போகிறார்கள்.

அந்த வேன் இப்போது தரையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. பெரிய ரிம், மெல்லிய டயர், சக்கர வளைவுக்குள் பாதி மறைந்த சக்கரம். வார இறுதியில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. இளைஞர்கள் உழைத்த காசை வாகனத்தில் போடுவதைக் குறை சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. வேனை ஓரளவு தாழ்த்தினால் வளைவில் சாய்வு குறையும், பாட்டிமார் ஏறுவதும் சுலபம். எப்படித் தாழ்த்துகிறோம், எந்த டயரைப் போடுகிறோம் என்பதில்தான் சிக்கல்.

ஹையேஸ் வேனை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் முறுக்குக் கம்பி. அதன் போல்ட்டைத் தளர்த்தினாலே வேன் இறங்கிவிடும். அரை நாள் வேலைகூட இல்லை. பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். அதில் ஓர் இலையைக் கழற்றுவார்கள், அல்லது அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் கட்டை வைப்பார்கள். இலையைக் கழற்றினால் சுமை தாங்கும் சக்தி குறையும் என்பது எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது பிரேக் விஷயம். இத்தகைய வேன்கள் பலவற்றில் பின் அச்சுக்கு மேலே ஒரு வால்வு இருக்கும். உடலுக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளியை வைத்து, வேனில் சுமை இருக்கிறதா இல்லையா என்று அது கணிக்கும். சுமை இருந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் கொடுக்கும். வேனைத் தாழ்த்திவிட்டு வால்வைச் சரிசெய்யாமல் விட்டால், காலி வேனையும் அது சுமை ஏற்றிய வேனாகவே நினைத்துக்கொள்ளும். மழையில் அவசரமாகப் பிரேக் போட்டால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வால்பக்கம் சுழலும். மெனோரா சுரங்கப் பாதை இறக்கத்தில் மழை நேரத்தில் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அடுத்தது டயர். ஹையேஸில் வழக்கமாக வரும் டயர் 195ஆர்15சி, சுமை எண் 106/104. அதாவது ஒற்றைச் சக்கரமாக ஓடும்போது ஒரு டயர் 950 கிலோ தாங்கும். அதைக் கழற்றிவிட்டு 17 அங்குல ரிம்மில் 215/45ஆர்17 கார் டயரைப் போட்டால், சுமை எண் 87 என்றிருக்கும். ஒரு டயருக்கு 545 கிலோ, நான்குக்கும் சேர்த்து 2,180 கிலோ. ஆள் நிறைந்த ஹையேஸ் இரண்டரை டன்னைத் தாண்டும். கணக்கு அங்கேயே இடிக்கிறது. டயர் அன்றைக்கே வெடித்துவிடாது. சூடாகிச் சூடாகி ஒரு நாள் நெடுஞ்சாலையில் வெடிக்கும்.

ரிம் பெரிதானதால் சக்கரமும் பெரிதாகிவிட்டது என்று நினைப்பது இன்னொரு தவறு. பழைய டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 695 மில்லிமீட்டர், புதியது 625தான். மீட்டர் 100 காட்டும்போது வேன் உண்மையில் 90இல் ஓடும். எஞ்சின் அதிகம் சுற்றும், எண்ணெய் அதிகம் குடிக்கும், மைலேஜும் பொய்யாக ஏறும். பழைய வேனை வாங்குபவர்கள் இதையும் நினைவில் வைக்கலாம்.

17 அங்குலம்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 215/60ஆர்17சி என்று ஓர் அளவு உண்டு. உயரம் 690 மில்லிமீட்டர், சுமை எண் 109/107, ஒரு டயருக்கு 1,030 கிலோ. கடைசியில் உள்ள ‘சி’ என்ற எழுத்து வணிக வாகன டயருக்கான அடையாளம். ரிம்மின் முத்திரையையும் பார்க்க வேண்டும். ஜேடபிள்யூஎல் என்று மட்டும் இருந்தால் அது காருக்கான ரிம். ஜேடபிள்யூஎல்-டி என்றிருந்தால் லோரி, பேருந்து வகைக்கானது. ஜப்பானிலிருந்து வரும் பழைய ரிம் வாங்குபவர்கள் பளபளப்பைப் பார்க்கும் முன் இதைத் தேடட்டும்.

சட்டம் என்ன செய்கிறது? 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், வாகனக் கட்டுமானம் பற்றிய 1959ஆம் ஆண்டு விதிகளும் நடைமுறையில் இருக்கின்றன. ஜேபிஜே சோதனையில் சம்மன் கிடைக்கும். பள்ளி வேன் போன்ற வணிக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போக வேண்டும். அங்கேதான் ஓட்டை. பரிசோதனைக்கு முதல் நாள் பழைய ரிம்மை மாட்டுவதும் மறுநாள் புதியதை மாட்டுவதும் பட்டறைகளில் ரகசியம் அல்ல. புஸ்பாகோமின் தனியுரிமை 2024 ஆகஸ்டுடன் முடிந்தது. பரிசோதனை நிலையங்கள் பெருகலாம். நிலையம் பெருகுவதால் மட்டும் இந்த ஒரு நாள் வேடம் நிற்காது. பள்ளி வாசலில் காலை ஏழு மணிக்கு நடக்கும் சோதனை, பரிசோதனை நிலையத்தில் நடக்கும் பத்துச் சோதனைக்குச் சமம் என்பது என் எண்ணம்.

காப்புறுதியையும் மறந்துவிடக் கூடாது. தெரிவிக்காமல் மாற்றியமைத்த வாகனம் விபத்தில் சிக்கினால், இழப்பீடு தரும் நேரத்தில் நிறுவனம் கேள்வி எழுப்பும். ஒற்றை வேனை வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது தாங்கக்கூடிய அடியா?

பெற்றோர் நம்மில் எத்தனை பேர் வேன் கட்டணத்தில் பத்து ரிங்கிட் குறைக்கப் பேசியிருக்கிறோம், எத்தனை பேர் டயரைக் குனிந்து பார்த்திருக்கிறோம்? அகலத்துக்கும் ரிம் அளவுக்கும் அடுத்தாற்போல் சுமை எண் பொறிக்கப்பட்டிருக்கும். கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

எனக்குத் தெரிந்த வேன்கார தம்பி ஒருவரிடம் இதைச் சொன்னபோது முதலில் முகம் சுளித்தார். பிறகு ரிம்மைத் திருப்பிப் பார்த்தார். ‘டி’ முத்திரை இருந்தது. ரிம்மை அப்படியே வைத்துக்கொண்டு, நான்கு டயரை மட்டும் ‘சி’ வகைக்கு மாற்றினார், முறுக்குக் கம்பியையும் ஏற்றிக்கொண்டார். வேன் முன்னைவிட உயரமாகத் தெரிகிறது என்பதில் அவருக்கு இன்னும் வருத்தம்தான். பள்ளிக்குப் போகும் தோட்டத்து மண்சாலையில் இப்போது அடி உரசுவதில்லை என்று மட்டும் ஒப்புக்கொள்கிறார்.