தலைக்கு ஒரு மரப்பெட்டி

போன வாரம் மகளுக்கு ஒரு ஹெட்போன் வாங்கலாம் என்று நெட்டில் உட்கார்ந்தேன். வெளிச் சத்தத்தை அமுக்கிவிடுமாமே, அந்த ரகம். பன்னிரண்டாம் வகுப்பு. நாங்கள் இருப்பது தெற்குக் கொல்கத்தாவில், ரோட்டைப் பார்த்த இரண்டு பெட்ரூம் வீடு. கீழே கேரம் கிளப், எதிரே ஆட்டோ ஸ்டாண்ட், பூஜை சமயத்தில் மைக் செட். மூன்று வருஷத்துக்கு ஒரு மாற்றல் என்று ஊர் ஊராக இழுத்து வந்த குற்ற உணர்ச்சியும் எனக்கு உண்டு. காசு செலவழித்தாவது அமைதி வாங்கித் தரலாம் என்று பார்த்தேன்.

விலை பார்க்கப் போனவன் வழி தவறி 1925க்குப் போய்விட்டேன். (கவனம் சிதறாமல் இருக்கப் பொருள் தேடும்போதே கவனம் சிதறியதைக் கவனிக்கவும் :-))

ஹியூகோ கெர்ன்ஸ்பாக் என்று ஒரு மனிதர். லக்ஸம்பர்க்கில் பிறந்து அமெரிக்கா போய்ப் பத்திரிகை நடத்தியவர். அறிவியல் புனைகதைகளுக்குத் தரும் ஹியூகோ விருது இவர் பெயரில்தான். 1925 ஜூலையில் தன் பத்திரிகையில் 'ஐசொலேட்டர்' என்று ஒன்றைப் படத்தோடு போட்டார். மரத்தில் செய்த தலைக்கவசம். உள்ளும் புறமும் கார்க், அதன் மேல் கம்பளித் துணி. மூச்சு விட வாய்க்கு நேரே ஒரு தடுப்பு அமைப்பு. முதலில் செய்தது 75 சதவீதம் சத்தத்தைத் தடுத்ததாம். நடுவே காற்று இடைவெளி விட்டு மறுபடி செய்ததில் 90க்கு மேல். பதினைந்து நிமிஷத்தில் தூக்கம் வந்ததால் பக்கத்தில் ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர் வேறு! படத்தைப் பார்த்தால் கடலில் முத்துக் குளிக்க இறங்குகிறவர் மேஜை முன் உட்கார்ந்து கணக்கு எழுதுவது போல இருக்கிறது.

சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. கண்ணாடியிலும் கறுப்புப் பூசி, காகிதத்தில் ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி விட்டிருந்தார். ஏனென்றால் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் பாதி நேரம் நம்மைக் கலைப்பது நாமேதான் என்பது அவர் கட்சி. அந்த நேர்மை ஹெட்போன் விளம்பரங்களில் இல்லை.

லண்டனில் இன்னொருவர், எழுத்தாளர் தாமஸ் கார்லைல். பக்கத்து வீட்டுச் சேவல்கள் தாங்காமல் 1853இல் செல்சீ வீட்டு மாடி மேல் சத்தம் புகாத அறை கட்ட ஆரம்பித்தார். கட்டி முடித்தால், அதுவரை காதில் விழாத தூரத்துச் சத்தமெல்லாம் விழ ஆரம்பித்தது. செலவழித்த காசு வீண். ஆனாலும் பிரஷ்ய மன்னர் பிரெடரிக்கின் பெரிய வரலாற்றை அங்கே உட்கார்ந்துதான் எழுதினார். எப்படி? அத்தனை படி ஏறிப்போய் "காபி வேணுமா?" என்று கேட்க வீட்டில் யாருக்கும் தெம்பு இருந்திருக்காது என்பது என் யூகம்.

இதையெல்லாம் மகளிடம் சுவாரசியமாகச் சொல்லி, ஹெட்போன் எந்தக் கலர் வேண்டும் என்று கேட்டேன்.

"ஹெட்போன் வேண்டாம்ப்பா. ஆட்டோ, கேரம் எல்லாம் பழகிடுச்சு. நீங்க பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவைத் திறக்கிறதுதான் பழகலை."

கோபம் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் ஏழு தடவை. பழம், தண்ணீர், ஃபேன் ஓடுகிறதா, எந்தப் பாடம், பாட்டி போனில் இருக்கிறாள், மறுபடி பழம், அப்புறம் காரணமே இல்லாமல் ஒரு தடவை. பேங்கில் வாடிக்கையாளர் லோன் பேப்பரை நான் சரிபார்க்கும்போது ஒருவர் இப்படி வந்து நின்றால் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும்.

வெளியூரில் இருக்கும் நம்மவர்களிடம் இது கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன். தாத்தா பாட்டி, சித்தப்பா, பக்கத்து வீட்டு மாமி எல்லோரும் பங்கு போட்டுப் பார்க்க வேண்டிய ஒரு பிள்ளையை இங்கே இரண்டே பேர் முறை வைத்துப் பார்க்கிறோம். அந்த மரப்பெட்டியை யார் தலையில் மாட்டுவது?

ஹெட்போன் வாங்கவில்லை. இப்போது இரவு ஒன்பதரை. கதவு சாத்தியிருக்கிறது. அவளுக்குக் கலந்த ஹார்லிக்ஸ் ஆறிப்போய்விட்டது, நானே குடித்துவிட்டேன்.