கடைசியாகத் தொட வேண்டிய திருகு

பழைய பெட்ரோல் லாரி மேட்டில் இழுக்க மறுத்தால், பலர் உடனே கார்புரேட்டரில் கைவைத்துவிடுகின்றனர். பெட்ரோலைக் கூட்டினால் இழுவை கூடும் என்பது அவர்கள் எண்ணம். அது முழு உண்மையன்று.

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். மிகுந்த இழுவை கிடைப்பது 12.5 முதல் 13 கிலோ காற்றில். அதற்கும் மேலாகப் பெட்ரோல் கூடினால் கரும்புகைதான் மிஞ்சும். சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய் கழுவப்பட்டுத் தேய்மானம் பெருகும். பெட்ரோல் குறைந்தாலோ, சூடேறி வால்வு கருகும்.

பம்பாயில் 1954 வரை பூட்டப்பட்ட செவர்லே லாரிகளின் ஆறு சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். முதலில் டாப்பெட் இடைவெளி, பிளாட்டினம் பாயிண்ட், தீப்பொறி நேரம், ஏர் கிளீனர் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். கார்புரேட்டரின் அடியிலுள்ள கேஸ்கட் வழியே காற்றுக் கசிந்தால், எவ்வளவு திருகினாலும் பயனில்லை.

பிறகு மிக்சர் திருகை மெதுவாக உள்ளே முட்டும்வரை திருப்பி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுக்க வேண்டும். அழுத்தி இறுக்கினால் ஊசிமுனை கெடும். எஞ்சின் நன்கு சூடேறி, சோக் முழுதும் திறந்தபின், திருகைச் சிறிது சிறிதாக உள்ளே திருப்பினால் ஓட்டம் தடுமாறும். வெளியே திருப்பினால் கனத்துத் திணறும். இவ்விரண்டுக்கும் இடையே, ஓட்டம் சீராக உயர்ந்து நிற்கும் இடமே சரியான இடம். பின்னர் ஐடிலிங் வேகத்தைத் தனித் திருகால் குறைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இத்திருகு ஆளுவது நிற்கும்போதுள்ள ஓட்டத்தை மட்டுமே. மேட்டில் இழுப்பதை ஆளுவது மெயின் ஜெட். பாரத்தோடு ஒரு மேடு ஏறியவுடன் எஞ்சினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம்பழுப்பு நிறம் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெண்மை குறைவின் அடையாளம். ஜெட்டை ஒவ்வோர் அளவாகவே மாற்ற வேண்டும்.

2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ காற்றே போதும். ஆகவே பழைய ஜெட் வழியே வரும் கலவை இன்று மெலிந்தே இருக்கும். சற்றுப் பெரிய ஜெட் தேவைப்படலாம். பழைய ரப்பர்க் குழாய்களையும் எத்தனால் அரிக்கக்கூடும். அவற்றை மாற்றிவிடுவது நன்று.

இவ்வேலையைத் திறந்த வெளியிலேயே செய்யுங்கள். மூடிய கொட்டகையில் எஞ்சின் புகை உயிரைப் பறிக்கும். வண்டியின் இழுவையைவிட வீட்டாருக்கு வேண்டியது உங்கள் நலமே.