புண்ணுக்குப் பத்தியம்: செல் என்ன கேட்கிறது?

பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு

தேர்வில் செல்லின் படம் வரையச் சொன்னால் நாம் உட்கருவைப் பெரிதாக வரைவோம். மைட்டோகாண்ட்ரியாவை ஆற்றல் நிலையம் என்று குறிப்போம். பிறகு உட்கருவை ஒட்டி நான்கைந்து வளைகோடுகளைக் கிறுக்கி, ‘எண்டோபிளாச வலை, பொருள்களைக் கடத்துகிறது’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். தோழியரே, இந்த ஒற்றை வரி அந்த நுண்ணுறுப்புக்குச் செய்யும் அநீதி என்பது என் கருத்து. அதிலும் விருதுநகர் மாவட்டத்துப் பெண்களாகிய நாம் அதை இவ்வளவு அலட்சியமாகக் கடந்து போகலாகாது.

நம் வட்டாரத்துக்குத் தீக்காயம் புதிதல்ல. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் மீண்டும் ஒரு பெரும் விபத்து. மாண்டவர்களின் எண்ணிக்கையைச் செய்தித்தாள் சொல்லும். பிழைத்தவரின் கையிலும் முகத்திலும் புதுத்தோல் எப்படி உண்டாகிறது என்பதை யார் சொல்வது?

அதற்கு எண்டோபிளாச வலையிடம்தான் போக வேண்டும். வலை என்று பெயரே தவிர, அது மெல்லிய சவ்வாலான பைகளும் குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்த அமைப்பு. கோழிக்கருவிலிருந்து வளர்த்த செல்களில், எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியே 1945-இல் கீத் போர்ட்டரும் உடன் ஆராய்ந்தவர்களும் இதைக் கண்டார்கள். ரைபோசோம்கள் மணல் ஒட்டியதுபோல் படிந்த சொரசொரப்பான பகுதியில் புரதம் உருவாகிறது. வழவழப்பான பகுதி கொழுப்புப் பொருள்களை உண்டாக்கும்; கல்லீரலில் நஞ்சை முறிக்கும். அது தனிக்கதை.

தோலுக்கு வலுவூட்டும் புரதம் கொலாஜன். நம் உடலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதுவே. அது மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று 1954-இல் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். இதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்!

காயம் பட்ட இடத்துக்கு வந்து சேரும் செல்களின் சொரசொரப்பான வலையில் இந்த இழைகள் பிறக்கின்றன. வலைக்குள் நுழையும் இழையில், புரோலின் என்ற அமினோ அமிலத்தின்மீது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு தொகுதியை ஒரு நொதி ஒட்டுகிறது. அந்த நொதிக்கு இரும்பும் வைட்டமின் சி-யும் வேண்டும். ஒட்டாவிட்டால் மூவிழைக் கயிறு உடற்சூட்டில் நிலைக்காது. முறுக்குத் தவறியதைச் செல் பெரும்பாலும் வெளியே விடாமல் தானே சிதைத்துவிடும். சரியானது கோல்கி உறுப்புக்குப் போய், அங்கிருந்து வெளியேறும். நாம் தேர்வில் எழுதும் ‘கடத்தல்’ இந்தக் கடைசி வேலை மட்டுமே.

நம் வீடுகளிலோ, புண் உள்ளவருக்கு எலுமிச்சை கூடாது, நெல்லிக்காய் கூடாது, முட்டையும் மீனும் ஆகவே ஆகாது; புளிப்புப் பட்டால் சீழ் வைக்குமாம்! எங்கள் தெருவில் கை வெந்த ஓர் அக்காவுக்கு வாரக்கணக்கில் வெறுங்கஞ்சியும் சுட்ட அப்பளமும்தான். அன்பினால்தான் அப்படிச் செய்தார்கள். ஆனால் நெசவாளியிடம் நூலைக் கொடுக்காமல் சேலையைக் கேட்பதுபோல் இருந்தது அது.

“அந்தக் காலத்தில் இப்படித்தானே ஆறியது?” என்று பாட்டிமார் கேட்பார்கள். சிறு கொப்புளத்துக்கு உடல் தன் சேமிப்பிலிருந்து ஈடுகட்டும். பெரிய தீக்காயத்துக்கு அது போதாது. அப்போது புரதம் வழக்கத்தைவிட மிகுதியாகத் தேவை. வைட்டமின் சி அறவே குறைந்து ஸ்கர்வி வந்த கடலோடிகளுக்கு ஆறிய பழைய தழும்புகூடப் பிரிந்ததுண்டு. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் அந்நோயைத் தணித்தது ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துத்தான்.

சிறுநீரக நோய் போன்றவை உள்ளவருக்கு மருத்துவர் விதிக்கும் கட்டுப்பாடு வேறு. அதை மீறச் சொல்லவில்லை. மற்றபடி, பெற்றோரே, கொய்யாவும் நெல்லியும் நம் சந்தையில் கிடைக்காதவை அல்ல. முட்டை உண்ணாத வீடுகளில் பருப்பும் மொச்சையும் நிலக்கடலையும் இருக்கின்றன. எலுமிச்சைச் சாற்றை மட்டும் அடுப்பில் கொதிக்க விடாதீர்கள். வைட்டமின் சி வீணாகும். சாதத்தை இறக்கி, சூடு தணிந்தபின் பிழியுங்கள்.