யார் யாரை ஆளாக்கினார்கள்?

மைக்கேல் ஓஹர் என்ற பெயரை நெற்குப்பைப் பக்கம் கபடி ஆடும் பையன்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அமெரிக்கன் ஃபுட்பாலில் லைன்மேனாக ஆடியவர். பந்தோடு ஓடுவது அவர் வேலை இல்லை. பந்தை எறிகிறவரை எதிராளி நெருங்கவிடாமல் உடம்பைக் கொடுத்துத் தடுக்க வேண்டும். கபடியில் கார்னரில் நிற்பவனைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அடி அவனுக்கு, போஸ்டரில் படம் ரைடருக்கு.

மெம்பிஸ் நகரத்து வறுமையில் வளர்ந்த கறுப்பினப் பிள்ளை அவர். 2009இல் பால்டிமோர் ரேவன்ஸ் அணி அவரை முதல் சுற்றிலேயே எடுத்தது. 2013 பிப்ரவரியில் சூப்பர் பவுல் வென்ற அணியில் இருந்தார். அவர் ஆட வந்த அதே 2009இல் அவர் கதை ‘தி பிளைண்ட் சைட்’ என்று சினிமாவாகவும் வந்துவிட்டது. படத்தின் நாயகி அவருக்கு இடம் கொடுத்த வெள்ளைக்காரப் பெண்மணி. நடித்த சாண்ட்ரா புல்லக்குக்கு ஆஸ்கர் கிடைத்தது. படத்தில் ஓஹருக்கு ஆட்டமே தெரியாது. அந்தக் குடும்பம்தான் சொல்லிக்கொடுக்கிறது. ஆட்டம் தெரியாத மக்காகத் தன்னைக் காட்டியது வலித்ததாக 2011இல் வந்த தன் புத்தகத்தில் ஓஹர் எழுதினார்.

2023 ஆகஸ்டில் அவர் நீதிமன்றம் போனார். தத்தெடுப்பதாகச் சொல்லி, 18 வயதில் தன்னைக் காப்பாளர் பொறுப்புக்குள் கையெழுத்துப் போட வைத்து, தன் பெயரில் பணமும் பார்த்தார்கள் என்பது அவர் புகார். குடும்பத்தார் மறுக்கிறார்கள். ஆனால் அந்தக் காப்பாளர் ஏற்பாட்டை அடுத்த மாதமே நீதிபதி ரத்து செய்தார்.

“நாங்கதான்யா அவன ஆளாக்குனோம்.” இந்தக் குரலை நம் ஊரில் கேட்காதவர் உண்டா? ஜெர்சி வாங்கிக் கொடுத்தவர் சொல்வார், வேனுக்கு டீசல் போட்டவர் சொல்வார். விடியற்காலையில் முள்காட்டைத் திருத்தி ஆடுகளம் போட்ட சேரிப் பிள்ளைகளின் உழைப்பு மட்டும் எந்தக் கணக்கிலும் வராது.

அதனால்தான் மணத்தி கணேசனின் கதை எனக்கு முக்கியம். தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமத்திலிருந்து போய், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர். அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன் காளமாடன்’ 2025 தீபாவளிக்கு வந்தது. அந்த மண்ணை அறிந்தவர் எடுத்த படம் அது. காப்பாற்ற வந்த பெரிய வீட்டம்மாவை நாயகியாக்கத் தேவை இருக்கவில்லை.

கைதட்டினோம், சரி. ஆனால் அதே 2025இல், மார்ச் மாதம், அதே மாவட்டத்தில், பரீட்சை எழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்புத் தலித் மாணவனை இறக்கி வெட்டினார்கள். விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் ஜெயித்ததுதான் காரணம் என்றது குடும்பம். ரைடரைப் பிடிக்க விரல் வேண்டும். வெட்டியவனுக்கு அது தெரியாதா என்ன?

கணேசன் காலம் வேறு, இப்போது எல்லாம் மாறிவிட்டது என்பவர்களுக்கு இதற்கு மேல் நான் என்ன சொல்ல. நம் சிவகங்கை மாவட்டமும் லேசுப்பட்டதல்ல. 2018இல் கச்சநத்தத்தில் நடந்ததை மறந்துவிட்டுப் பேச முடியாது.

பொங்கல் வந்தால் மஞ்சுவிரட்டோடு கபடிக்கும் நோட்டீஸ் அடிப்பார்கள். அந்த நோட்டீஸில் எந்தச் சாதித் தலைவர் படம் இருக்கிறது, பனியன் என்ன நிறம், சேரி அணிக்கு நுழைவு உண்டா என்று முதலில் பாருங்கள். அனுமதி கொடுக்கும் காவல் நிலையத்திலும் ஒரு கேள்வி கேளுங்கள்: எங்கள் பிள்ளைகள் ஜெயித்தால், ராத்திரி வீடு திரும்புகிற ரோட்டுக்கு யார் பொறுப்பு?